வழுக்கையாறு: நிலத்துக்குள் பாயும் ஆறு

வெளியூர் நண்பர்களிடம் "யாழ்ப்பாணத்திலும் ஓர் ஆறு இருக்கிறது" என்று சொன்னால் நம்பமாட்டார்கள். ஆடி மாதத்தில் சண்டிலிப்பாய்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் சுத்தமாக நம்பமாட்டார்கள். வீதிக்குக் கீழே சின்னதொரு பாலம். பாலத்துக்குக் கீழே காய்ந்த புல், வெடித்த களிமண், கயிறு நீட்டிக் கட்டிய ஒரு மாடு. "இதையா ஆறு என்கிறாய்?" என்று கேட்பார்கள். அதே பாலத்தில் கார்த்திகை மாதம் நாலு நாள் விடாமல் மழை பெய்த பிறகு வந்து நிற்க வேண்டும். மண்நிறத் தண்ணீர் பாலத்தை முட்டிக்கொண்டு ஓடும். இருபக்கத்து வயல்களுக்கும் ஆற்றுக்கும் நடுவில் கரை எது என்று தெரியாது. பெடியன்கள் வலையோடு நிற்பார்கள்.

இந்த ஆற்றுக்குப் பெயர் வழுக்கையாறு. சிலர் வழுக்கியாறு என்றும் சொல்வார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு என்று உண்மையாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். தொண்டைமானாறு, உப்பாறு என்று பெயரில் 'ஆறு' உள்ளவை வேறு உண்டு. ஆனால் அவை நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் கடனீரேரிகள். வழுக்கையாறு மட்டும்தான் மேட்டிலே மழைநீரில் தொடங்கி, பள்ளம் தேடி ஓடி, கடனீரேரியில் போய் விழுகிறது. நீளம் சுமார் 16 கிலோமீற்றர். வருடத்தில் சில மாதங்கள் மட்டுமே ஓடும்.

இவ்வளவு சின்ன ஆற்றைப் பற்றி ஏன் இத்தனை எழுத வேண்டும் என்று கேட்கலாம். இந்த ஆற்றின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் காரணம். மேலே ஓடுவது கொஞ்சம். கீழே இறங்குவதுதான் நிறைய. குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்துக் கிணறுகளில் நாம் அள்ளும் தண்ணீருக்கும் இந்த ஆற்றுக்கும் உள்ள உறவு விளங்கிவிட்டால், மீதி எல்லாம் தானாக விளங்கிவிடும்.

முதலில் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன் ஆழமில்லாத கடலின் அடியில் சிப்பியும் முருகைக்கல்லும் நுண்ணுயிர்களின் ஓடுகளும் படிந்து படிந்து இறுகிய கல் இது. புவியியலாளர்கள் இதை மயோசீன் காலத்தது என்பார்கள். காங்கேசன்துறையில் சீமெந்து செய்ய வெட்டியெடுத்ததும் இதே கல்தான். வடபகுதியில் கிணறு வெட்டுகிறவர்களைக் கேட்டால், கொஞ்சம் செம்மண், அதன் கீழே உடனே கல் என்று சொல்வார்கள்.

சுண்ணாம்புக்கல்லுக்கு ஒரு குணம் உண்டு. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய புளிப்போடு இறங்கும். அந்தப் புளிப்பில் கல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஆயிரம் ஆயிரம் ஆண்டுகள் இப்படிக் கரைந்தால், வெடிப்பு துவாரமாகும், துவாரம் குகையாகும், குகையின் கூரை விழுந்தால் மேலே ஒரு பள்ளம் தோன்றும். புத்தூர் நிலாவரைக் கிணறு அப்படி உண்டான ஒரு பள்ளம்தான். இராமர் அம்பெய்து உண்டாக்கியது என்பது ஊர்க்கதை. அங்கே போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் மிதந்து வந்தது என்று இன்னொரு கதையும் சொல்வார்கள். பழம் வந்ததோ இல்லையோ, நிலத்துக்கு அடியில் தண்ணீருக்கு வழிகள் உண்டு என்று நம் முன்னோர் கண்டுகொண்டதை அந்தக் கதை சொல்கிறது. எனக்கு அந்தக் கதையில் மிகுந்த மதிப்பு உண்டு.

ஓட்டை விழுந்த கல்லின் மேல் பெய்கிற மழை மேலே நின்று ஓடாது, உள்ளே இறங்கிவிடும். குடாநாட்டில் ஆறுகள் இல்லாமல் போனதற்கு முதற்காரணம் இதுதான். இரண்டாவது காரணம், மலை இல்லை. நிலத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து 10 மீற்றருக்கும் குறைந்த உயரத்தில் கிடக்கிறது.

அப்படியென்றால் வழுக்கையாறு மட்டும் எப்படி ஓடுகிறது? ஒரு கடற்பஞ்சை எடுத்து அதன்மேல் செம்பால் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முதலில் எல்லாவற்றையும் குடிக்கும். பஞ்சு நிறைந்த பிறகு ஊற்றுவது வழிந்து ஓடும். புரட்டாதியில் விழும் முதல் மழைகளை வலிகாமம் அப்படியே குடித்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு வரும் மாரிமழை நிலத்தை நிறைத்த பிறகு, தாழ்வான இடங்களில் நீர் தேங்கத் தொடங்கும். அந்தத் தாழ்வுகள் ஒன்றோடொன்று கோத்து, வடக்கிலிருந்து தென்மேற்காக ஒரு சரடு போலக் கிடக்கின்றன. அந்தச் சரடுதான் வழுக்கையாறு. தாழ்வில் காலங்காலமாகச் சேர்ந்த களிமண் நீரை உடனே கீழே விடாமல் கொஞ்சம் பிடித்து வைக்கிறது. அதனால்தான் அது ஆறாக ஓட முடிகிறது.

குடாநாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 1,250 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. கேட்க நல்ல மழைதான். ஆனால் அதில் மிகப் பெரிய பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு வரும் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று நிலத்தைக் காயவைக்கும் காற்று. வைகாசி, ஆனி, ஆடியில் அது வீசுகிற வேகத்தில் வானத்தில் முகில் இருந்தாலும் பெய்யாது. மூன்று மாத மழையில் பன்னிரண்டு மாதம் வாழ வேண்டிய நிலம் இது.

ஆற்றின் வழியை ஒருமுறை நடந்து பார்ப்போம். தெல்லிப்பழைப் பக்கத்தில் நீர் சேரத் தொடங்குகிறது. இன்ன இடத்தில் தொடக்கம் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. மழைக்கு மழை அது மாறும். அங்கிருந்து அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், பிறகு நவாலி, வட்டுக்கோட்டைப் பக்கம், கடைசியில் அராலி. அராலியில் யாழ்ப்பாணக் கடனீரேரி. நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அளவெட்டி என்றவுடன் என். கே. பத்மநாதன் நினைவுக்கு வருவார். நவாலி என்றால் சோமசுந்தரப் புலவர். ஒரு சின்ன ஆற்றின் கரையில் இத்தனை பேர் பிறந்திருக்கிறார்கள் என்று எண்ணும்போது எனக்கு எப்போதும் ஒரு பூரிப்பு.

சரிவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் நிலம் 10 மீற்றர் உயரம் என்றே வைத்துக்கொள்வோம். 16 கிலோமீற்றர் ஓடி அது பூச்சியத்துக்கு வருகிறது. ஒரு கிலோமீற்றருக்கு அறுபது சென்ரிமீற்றர் சொச்சம்தான் இறக்கம். ஒரு முழத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். தண்ணீர் ஓடுவதைவிடத் தயங்குவதுதான் அதிகம். ஒரு வரம்பு உயர்ந்தாலும் திசை மாறும். ஒரு மதகில் குப்பை அடைத்தாலும் ஊர் நனையும். 2008 நவம்பரில் நிஷா புயல் கொட்டிய மழையில் குடாநாடு வெள்ளக்காடாகக் கிடந்ததற்கு இந்தத் தட்டையும் ஒரு காரணம்.

ஆனால் அந்தத் தயக்கத்தில்தான் நமக்கு வாழ்வு இருக்கிறது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

உப்பின் மேல் மிதக்கும் நல்லதண்ணீர்

குடாநாட்டைச் சுற்றிக் கடலும் கடனீரேரியும். கடல்நீர் கரையோடு நின்றுவிடுவதில்லை. துவாரங்கள் நிறைந்த சுண்ணாம்புக்கல்லுக்குள் பக்கவாட்டில் புகுந்து, நிலத்துக்கு அடியிலும் நிற்கிறது. அதாவது நாம் நிற்கிற மண்ணுக்குக் கீழே, ஆழத்தில், உப்புத்தண்ணீர். அப்படியிருக்க நம் கிணறுகளில் நல்லதண்ணீர் எப்படி வருகிறது?

கடல்நீரில் உப்பு கரைந்திருப்பதால் அது மழைநீரைவிடக் கொஞ்சம் கனம். ஒரு லீற்றர் நன்னீர் 1,000 கிராம் என்றால், ஒரு லீற்றர் கடல்நீர் ஏறக்குறைய 1,025 கிராம். இந்த 25 கிராம் வித்தியாசத்தில்தான் யாழ்ப்பாணம் உயிர் வாழ்கிறது. மேலிருந்து இறங்கும் மழைநீர் கனமான உப்புநீரோடு உடனே கலந்துவிடாமல், அதன்மேல் ஏறி மிதக்கிறது. நடுவில் தடித்து, கரையோரங்களில் மெலிந்து, மூக்குக்கண்ணாடி வில்லை போன்ற வடிவத்தில் நிற்கும். அதனால் இதை நன்னீர் வில்லை என்று சொல்கிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான பாடன் கைபனும், கொஞ்சம் பிந்தி ஜெர்மானியரான ஹெர்ஸ்பேர்க்கும் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே நாற்பது மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். மேலுள்ள 1,000, வித்தியாசமான 25, வகுத்தால் 40. பனிக்கட்டி தண்ணீரில் மிதக்கும்போது கொஞ்சம் மேலே தெரிய, பெரும்பகுதி கீழே மூழ்கியிருக்குமே, அதே நியாயம்தான். நடைமுறையில் எல்லை கத்தியால் வெட்டியது போல இருக்காது. இடையில் உவர்த்தண்ணீர்ப் படை ஒன்று இருக்கும். நிலாவரையில் ஆழத்துக்குப் போகப் போக நீர் உப்பாவது இதனால்தான்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்தால்தான் பயம் வரும். மேலே நீர்மட்டம் ஒரு மீற்றர் இறங்கினால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு நாற்பது மீற்றர் ஏறி வர இடம் கிடைக்கும். ஒரே கிணற்றில் பெரிய பம்ப் போட்டு விடாமல் இறைத்தால், அந்தக் கிணற்றுக்கு நேர் கீழே உப்புநீர் கூம்பாக மேலெழும். துலாமிதித்து, பட்டையால் இறைத்த காலத்தில் மனிதனுக்குக் களை வந்து இறைப்பு நின்றுவிடும். அதற்குள் கிணறு ஊறிவிடும். இயந்திரத்துக்குக் களை வராது.

இப்போது வழுக்கையாற்றுக்குத் திரும்பி வருவோம். வில்லையை நிரப்புவது மழை ஒன்றுதான். வேறு மலையிலிருந்து ஊற்று வருவதில்லை, குடாநாட்டுக்குத் தெற்கே உள்ள வன்னியிலிருந்தும் வருவதில்லை. பெய்த மழை எவ்வளவு நேரம் நிலத்தின் மேல் நிற்கிறதோ அவ்வளவுக்கு உள்ளே இறங்கும். அந்த நிற்கும் நேரத்தைத் தருவது ஆற்றின் தயக்கமும், அதன் இருமருங்கிலும் தேங்கும் வயல்களும், குளங்களும். குடாநாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் உண்டு. வன்னியில் குளம் என்றால் வயலுக்கு நீர் பாய்ச்ச. இங்கே குளத்துக்கு முதல்வேலை கிணற்றை ஊறவைப்பது. கந்தரோடைக் குளத்தில் நீர் நின்றால் சுற்றுவட்டாரக் கிணறுகள் பங்குனியிலும் தெம்பாக இருக்கும். ஆற்றைப் பார்த்து "எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது" என்று கேட்பது பாதிக் கேள்விதான். "எவ்வளவு நேரம் நிற்கிறது" என்று கேட்க வேண்டும்.

நெல் விளைந்த வயலும் இந்த வேலையைச் செய்கிறது. ஆற்றுத் தாழ்வில் காலபோகம் ஒன்றுதான். மழையை நம்பிப் புரட்டாதியில் விதைத்து, தையில் அறுப்பு. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் என்ற பழைய நெல்லினங்கள் இந்த மழைக்கணக்குக்குப் பழகியவை. வரம்பு கட்டி மூன்று மாதம் தண்ணீரை நிறுத்தி வைத்திருக்கிற ஒவ்வொரு வயலும் ஒரு குட்டிக் குளம். அறுப்பு முடிந்த ஈரத்தில் உழுந்து, பயறு, எள்ளு போடுவார்கள். நெல் விலைக்கு விதைத்துக் கட்டாது என்று ஒருவர் வயலைத் தரிசாக விட்டு வரம்பை உடைத்தால், அவர் இழப்பது நெல்லை மட்டுமில்லை. பக்கத்து வீட்டுக் கிணற்றின் ஊற்றையும்தான்.

அராலியில் என்ன நடக்கிறது

ஆறு கடனீரேரியைத் தொடும் இடத்தில் இரண்டு நீர்களும் தள்ளுமுள்ளுப் படுகின்றன. மாரியில் ஆறு பலமாக இருக்கும்; உப்பைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும். கோடையில் ஆறு வற்றி, கடனீரேரி வெயிலில் காய்ந்து கடலைவிடவும் உப்பேறிக் கிடக்கும். அப்போது உப்பு ஆற்றுப் பள்ளம் வழியாக உள்ளே ஏறப் பார்க்கும். அப்படி ஏறினால் வயல் உவராகும், கிணறு கைக்கும். பங்குனிக்குப் பிறகு அராலி வெளியில் நின்று பார்த்தால் தரையில் வெள்ளையாய்ப் பூத்திருப்பது தெரியும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் உப்பு.

இதைத் தடுக்கத்தான் அராலியில் தடுப்பணை கட்டினார்கள். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உள்ள தடுப்பணைகளும் இதே நோக்கத்தில் எழுந்தவைதான். கடனீரேரிகளின் வாய்களை அடைத்து, மழைநீரைத் தேக்கி, சில ஆண்டுகளில் உப்பை வெளியேற்றிவிட்டால் குடாநாட்டுக்கு ஒரு நன்னீர்த் தேக்கமே கிடைக்கும் என்று பொறியியலாளர் ஆறுமுகம் கண்ட கனவு 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற பெயரில் இன்றும் பேசப்படுகிறது.

தடுப்பணைக்கு உயிர் அதன் கதவில். மழை உச்சத்தில் கதவைத் திறந்து வெள்ளத்தை விட வேண்டும். மழை ஓயும் தறுவாயில் சரியான நாளில் மூடி, கடைசி வெள்ளத்தைப் பிடித்து வைக்க வேண்டும். பிந்தி மூடினால் நல்லதண்ணீர் கடனீரேரிக்குப் போய்விடும். முந்தி மூடினால் மேலே வயல் அழுகும். அராலிக்காரனுக்கு மூட வேண்டும். சண்டிலிப்பாய் வயற்காரனுக்குத் திறக்க வேண்டும். இருவர் சொல்வதும் நியாயம். கதவு ஒழுகினால் இருவருக்குமே நட்டம்.

ஆட்கள் எங்கே குடியிருந்தார்கள்

வலிகாமத்தின் ஊர் அமைப்பைக் கவனித்தால் ஒரு ஒழுங்கு தெரியும். மேட்டில் செம்மண், அங்கே தோட்டம். வெங்காயம், மிளகாய், புகையிலை, மரவள்ளி, எல்லாம் கிணற்றுத் தண்ணீரில். தாழ்வில் களி, அங்கே வயல். மேடும் தாழ்வும் சந்திக்கிற விளிம்பில் வீடு, கோயில், கேணி, பனங்காணி. வெள்ளம் வராத அளவுக்கு உயரம், கிணறு ஊறுகிற அளவுக்குத் தாழ்வு. ஆற்றின் நெடுகிலும் இந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் பழைய குடியிருப்புகள் இருக்கின்றன. புதிதாக வயலுக்குள் மண் நிரப்பிக் கட்டிய வீடுகள்தான் மாரிக்கு மாரி நனைகின்றன.

இந்த விளிம்பில் மிகப் பழைய குடியிருப்பு கந்தரோடை. ஊர்ப் பெயரிலேயே ஓடை என்ற ஒலி கேட்கிறது. பெயர் எப்படி வந்தது என்பதில் அறிஞர்களிடையே வேறு வேறு கருத்து உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரலாற்று ஆய்வாளர் போல் பீரிஸ் இங்கே தோண்டிப் பார்த்தார். 1970 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் குழு அகழ்வு செய்தது. கறுப்பு-சிவப்பு மட்பாண்டம், முத்திரை குத்திய பழைய நாணயங்கள், உரோம நாணயங்கள் என்று கிடைத்தவை, இந்த ஊர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வெளியுலகத்தோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்ததைச் சொல்கின்றன. முருகைக்கல்லால் ஆன சின்னச் சின்னத் தூபிகள் இன்றும் அங்கே கூட்டமாக நிற்கின்றன.

கடற்கரையில் இல்லாமல் உள்ளே இருக்கிற ஊருக்கு உரோம நாணயம் எப்படி வந்தது? ஆற்று வழியே தோணி ஏறி வந்திருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். தோணி வராவிட்டாலும் கந்தரோடைக்கு ஆறு கொடுத்தது போதும்: வயலுக்கு ஈரம், குடிக்கக் கிணறு, மட்பாண்டம் செய்யக் களி. துறைமுகத்தில் இறங்கிய வியாபாரி நெல்லும் நல்லதண்ணீரும் இருக்கிற ஊரைத் தேடி நடந்து வருவான். ஆற்றின் கீழ்ப்பகுதியில், வட்டுக்கோட்டையில், 1823 இல் அமெரிக்க மிசனரிமார் செமினரி தொடங்கியபோதும் இந்த நிலமே அவர்களுக்கும் சோறும் தண்ணீரும் கொடுத்தது.

1990 இல் போரினால் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். போர் முடிந்த பிறகும் இராணுவத்தின் வசமிருந்த காணிகள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடப்பட்டன. ஆற்றின் தலைப்பகுதியை ஒட்டிய ஊர்களில் ஒரு தலைமுறை வளர்ந்து வாலிபமான காலம் வரைக்கும் குளம் தூர்வார ஆளில்லை, வாய்க்கால் வெட்ட ஆளில்லை. மாரிக்கு முன் ஊர்கூடி வாய்க்கால் துப்புரவு செய்கிற வழக்கம், கூட ஊர் இல்லாதபோது எப்படி நிற்கும்? திரும்பி வந்தவர்களில் பலருக்குத் தங்கள் காணியின் எல்லையையே தேட வேண்டியிருந்தது. வெள்ளவாய்க்கால் எங்கே ஓடியது என்பதை நினைவு வைத்திருந்த கிழவர்கள் பலர் அதற்குள் போய்விட்டார்கள். இது எனக்கு மிகவும் வலிக்கிற விடயம். தூர்ந்த குளத்தைத் தோண்டிவிடலாம். வெள்ளம் எந்தப் பக்கம் திரும்பும் என்ற அறிவை எந்த இயந்திரத்தாலும் தோண்டியெடுக்க முடியாது.

நீரோடு வருகிற உயிர்கள்

ஆண்டில் பாதி வறண்டு கிடக்கும் ஆற்றில் என்ன உயிர் இருக்கும் என்று நினைக்கலாம். வறட்சிக்குத் தயாராக இருக்கும் உயிர்கள்தான் இருக்கும். முதல் பெருமழை விழுந்த இரவே தவளைகளின் சத்தத்தில் தூங்க முடியாது. அவற்றுக்கு நேரமில்லை, நீர் வற்றுவதற்குள் முட்டையிட்டு, வால்பேத்தை கால் முளைத்துக் கரையேறியாக வேண்டும். விராலுக்குக் காற்றை நேரடியாகச் சுவாசிக்கத் தெரியும். மற்ற மீன்கள் திணறிச் சாகும் கலங்கல் மடுவிலும் அது தலையை நீட்டி மூச்செடுத்துத் தாக்குப்பிடிக்கும். வெள்ளம் வந்ததும் அங்கிருந்து வயல்களுக்குப் பரவும். நான் சின்னவனாக இருந்தபோது எங்கள் வயல் வாய்க்காலில் ஒரு தாய் விராலைக் கண்டேன். அதன் கீழே செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் ஒரு கைக்குட்டை விரித்தது போலச் சேர்ந்து நகர்ந்தன. நான் கையைத் தண்ணீரில் வைத்ததும் தாய் ஓடவில்லை. என் விரலை நோக்கி வந்தது. கையை எடுத்துக்கொண்டேன். அன்றைக்குப் பிறகு குஞ்சோடு நிற்கிற விராலை நான் பிடித்ததில்லை.

அராலிக்குக் கிட்டப் போகப் போகச் செடிகள் மாறும். நன்னீரில் நாணலும் தாமரையும். கொஞ்சம் உவர் ஏறிய இடத்தில் தாழை. அதற்கும் அப்பால் உமரி, கண்டல், கண்ணா. தரையில் முளைத்திருப்பதைப் பார்த்தே உப்பு எதுவரை வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். கண்டல் மரங்களின் வேர்க்கூட்டத்துக்குள்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒளிந்து வளர்கின்றன. கடலிறால் கடலில் முட்டையிடும்; குஞ்சுகள் கடனீரேரிக்குள் வந்து, உப்புக் குறைந்த நீரில் தின்று பெருத்து, மீண்டும் கடலுக்குப் போகும். மாரியில் ஆறுகளும் வாய்க்கால்களும் கொண்டுவரும் நன்னீர்தான் கடனீரேரியின் உப்பைக் குறைத்து அதை அவற்றுக்கு வளர்ப்புத் தொட்டிலாக்குகிறது. சிறகுவலை கட்டி இறாலுக்குக் காத்திருக்கும் தொழிலாளிக்கும், மேலே தெல்லிப்பழையில் பெய்யும் மழைக்கும் தொடர்பு உண்டு.

அதனால்தான் தடுப்பணையைப் பற்றி எனக்கு இரண்டு மனம். கிணறுகளைக் காக்க அது வேண்டும். ஆனால் நன்னீரை ஒரு சொட்டும் விடாமல் மறித்தால் கடனீரேரி பட்டினி கிடக்கும். மீனும் ஏறி இறங்க முடியாது. "கடலுக்குப் போகும் தண்ணீர் வீண்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சிறகுவலைக்காரரிடம் கேட்டால் அப்படிச் சொல்லமாட்டார்.

ஐப்பசிக்குப் பிறகு பறவைகள். உள்ளான்கள் கூட்டங்கூட்டமாக வடக்கிலிருந்து வந்து சேற்றைக் கிண்டும். வயல்களில் கொக்கும் நாரையும். கடனீரேரியின் ஆழமில்லாத பரப்பில் பூநாரைகள் தலைகீழாக அலகைத் தோய்த்து வடிகட்டித் தின்னும். தூரத்தில் பார்த்தால் தண்ணீரின் மேல் இளஞ்சிவப்பாக ஒரு கோடு போட்டது போலத்தான் தெரியும். சட்டென்று எழுந்து பறந்தால் சிறகின் உட்பக்கத்துச் சிவப்பும் கறுப்பும் கண்ணைப் பறிக்கும்.

கிணற்றுக்குள் இறங்குவது மழை மட்டுமல்ல

சுண்ணாம்புக்கல் தண்ணீரை விரைவாக உள்ளே விடுகிறது என்று சொன்னேன். மணலைப் போல அது வடிகட்டாது. மேலே போட்டது எதுவோ அது கீழே போகும். செம்மண் தோட்டங்களில் அள்ளிப் போடுகிற யூரியாவும், கல்லிலே வெட்டிய மலசலகூடக் குழிகளின் கசிவும் நைத்திரேற்றாக மாறிக் கிணற்றில் சேர்கின்றன. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வலிகாமத்தில் அதைத் தாண்டிய கிணறுகள் பல என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. போத்தலில் பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு இது ஆபத்து. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனைக் குறைத்துவிடும். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். இதை வீட்டில் பச்சைக்குழந்தை உள்ளவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். சுன்னாகத்துப் பக்கம் கிணறுகளில் கழிவெண்ணெய் மிதந்த அவலத்தை 2014, 2015 ஆம் ஆண்டுகளில் எல்லோரும் கண்டோம். நிலத்துக்கு மேலே ஒரு மூலையில் கொட்டியது எத்தனை வளவுகளுக்குள் போகும் என்று அப்போதுதான் பலருக்கு விளங்கியது.

ஆற்றுக்கு இன்னொரு பக்கமிருந்தும் ஆபத்து வருகிறது. அது நல்லெண்ணத்தோடு வருவதால் கவனிக்கப்படுவதில்லை. வெள்ளம் வந்து வீடு நனைந்ததும், "வாய்க்காலை நேராக்கு, ஆழமாக்கு, கொங்கிறீற் போடு, தண்ணீர் சட்டென்று கடலுக்குப் போகட்டும்" என்ற கோரிக்கை எழும். நனைந்த வீட்டுக்காரரின் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் மலைநாட்டு ஆற்றுக்கு ஏற்ற வைத்தியத்தை இந்த ஆற்றுக்குச் செய்யக் கூடாது. கொங்கிறீற் போட்ட வாய்க்கால் ஒரே நாளில் வெள்ளத்தை அராலிக்குக் கொண்டுபோய்விடும். ஆவணியில் அந்தத் தண்ணீரைத் தேடிக் கிணற்றுக்குள் எட்டிப்பார்க்க வேண்டிவரும். குளங்களைத் தோண்டி, அவற்றுக்கு நீர் போகும் வழிகளைத் திறந்து, வயல்தாழ்வில் வீடு கட்டுவதை நிறுத்தினால், வெள்ளமும் குறையும், கிணறும் ஊறும். செலவும் குறைவு. குளத்துக்குள் மண் போட்டு நிரப்பியவர் பெரிய இடத்து ஆளாக இருந்தால் மட்டும் இது கடினமான வேலை.

எங்கள் வளவுக் கிணற்றுக்கட்டில் அப்பு ஒரு பழக்கம் வைத்திருந்தார். நீர்மட்டத்துக்கு நேராக உட்சுவரில் சுண்ணாம்பால் கோடு போடுவார், வருடத்துக்கு இரண்டு தரம். தைப்பொங்கலுக்கு மறுநாள் ஒன்று, ஆவணியில் ஒன்று. இரண்டு கோட்டுக்கும் இடையில் உள்ள உயரம்தான் அந்த வருடத்து மழையை நாம் எப்படிச் செலவழித்தோம் என்பதற்குக் கணக்கு. மட்டத்தைக் குறித்த கையோடு ஒரு வாளி அள்ளி, ஒரு மிடறு குடித்து, கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார். இப்போது அதை நான் செய்கிறேன். போன ஆவணியில் என் மகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். "அப்பா, கைக்குதோ?" என்று கேட்டாள். வாளியை அவளிடம் நீட்டினேன்.